மங்கிய சிறகுக்காரி

2006 ஆகஸ்ட், மூன்றாவது வாரம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆகன் நகரத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. காய்ச்சல் கொதித்தது. உதடும் முகமும் வீங்கின. மூக்கில் வடிந்த சளி காய்ந்து பொருக்குத் தட்டியது. வாயோரம் எச்சில் ஒழுக, ஆடுகள் நொண்டி நடந்தன. சில மாடுகளுக்கு மூக்குத் தோலும் காம்புத் தோலும் புண்ணாகி உரிந்தன. பார்த்தவுடன் கோமாரி என்று சொல்லத் தோன்றும் அறிகுறிகள். ஆனால் கோமாரி இல்லை. நெதர்லாந்தின் தெற்கு மூலையில் சில நாட்களுக்கு முன்பே இதே தொல்லை தலைகாட்டியிருந்தது. ஆகஸ்ட் 21 அன்று ஜெர்மனியிலும் உறுதியானது: நீலநாக்கு நோய்.

தமிழ்நாட்டு ஆட்டுக்காரர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில், பட்டி சேறாகக் கிடக்கும்போது, மந்தைக்குள் புகுந்துவிடும். 1997–98இல் அது ஆடிய ஆட்டம் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆகன் பக்கத்து விவசாயிக்கு அது பாடப்புத்தக நோய். தென்னாப்பிரிக்காவிலோ, இந்தியாவிலோ, மிஞ்சிப்போனால் மத்தியதரைக் கடலோரத்திலோ வருவது. வடக்கே இத்தனை தூரம் அது அதற்கு முன் வந்ததே இல்லை.

வராததற்கு ஒரு காரணமும் சொல்லிவைத்திருந்தார்கள். இந்த வைரஸ் ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தானாகத் தாவுவதில்லை. சுமந்து செல்ல ஒரு பூச்சி வேண்டும். கொசுவைவிடச் சிறியது, உடல் நீளம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர், சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்து வந்துவிடும். விலங்கியல் பெயர் குலிகாய்டஸ். தமிழில் இதற்கென்று எல்லாரும் அறிந்த தனிப்பெயர் கிடையாது. ஊருக்கு ஊர் கொசுவோடும் ஈயோடும் சேர்த்தே பேசிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரைக்காகப் பொடிக்கொசு என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். சாதாரணக் கொசு ‘ஷ்டெஹ்மூக்க’, ஓடைக்கரையில் கூட்டமாக வந்து கடிக்கும் கருப்பு ஈ ‘கிரீபல்மூக்க’, இந்தப் பொடிக்கொசு ‘க்னிட்ஸ’. இன்னொரு பெயரும் உண்டு: ‘பார்ட்மூக்க’, அதாவது தாடிக்கொசு. ஆண் பூச்சியின் உணர்கொம்பில் தாடி மாதிரி மயிர் அடர்ந்திருப்பதால் வந்த பெயர். அந்தத் தாடியின் கதை பின்னால் வருகிறது.

உலகில் குலிகாய்டஸ் பேரினத்தில் மட்டும் 1,300க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நீலநாக்கு வைரஸைச் சுமப்பவை அவற்றில் ஒரு சில. பழைய உலகத்தில் முதல் குற்றவாளி என்று பெயர் வாங்கியது ‘இமிகோலா’ என்ற இனம். 1944இல் தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தில் டு டோய்ட் என்பவர் பொடிக்கொசுதான் இந்த நோயைக் கடத்துகிறது என்று காட்டியதிலிருந்து அதன்மேல்தான் எல்லாருடைய கண்ணும். அது வெப்பநாட்டுப் பூச்சி. அது எட்டும் இடம்வரைதான் நோய் எட்டும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். ஜெர்மனியில் இமிகோலா கிடையாது.

அப்படியானால் ஆகன் ஆடுகளைக் கடித்தது யார்?

உள்ளூர்க்காரிதான். அவளுக்குப் பெயர் வைத்தவரும் உள்ளூர்க்காரர். ஆகனிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் ஷ்டோல்பெர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. பித்தளைப் பட்டறைகளால் பேர் வாங்கிய ஊர். அங்கே வாழ்ந்த ஒரு வாத்தியார் 1818இல் ஒரு புத்தகத்தில் இந்தப் பூச்சிக்கு ‘ஒப்சொலெட்டஸ்’ என்று பெயரிட்டிருந்தார். லத்தீனில் தேய்ந்துபோனது, மங்கிப்போனது என்று பொருள். மற்றப் பொடிக்கொசுக்களின் சிறகில் பழுப்பும் வெளிறலுமாகப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். இதன் சிறகிலோ பலமுறை வெளுத்த சேலையின் பூப்போல அவை மங்கிக் கிடக்கும். 188 ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில், அதே பூச்சிக் கூட்டத்தின்மேல் விசாரணை திரும்பியது.

அந்த வாத்தியார் யோஹான் வில்ஹெல்ம் மைகன். 1764 மே 3 அன்று, கத்திக்கும் வாளுக்கும் பேர்போன ஜோலிங்கன் ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம். பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதித்ததில்லை. பியானோ, பிரெஞ்சு, கணக்கு எல்லாம் குடும்ப நண்பர்களிடமும் வீட்டில் குடியிருந்தவரிடமும் கற்றுக்கொண்டது. பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டார்: வசதியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், பிரெஞ்சு வகுப்பு, ஓவிய வகுப்பு, இசைப் பாடம், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பு. 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஷ்டோல்பெர்க்குக்கு வந்தவர், 1845 ஜூலை 11 அன்று கண்மூடும்வரை அந்த ஊரை விட்டுப் பெரிதாக நகரவில்லை. ஐந்தாறு வேலை பார்த்தும் கையில் காசு தங்காத வாழ்க்கை. மயிலாப்பூரிலோ மாயவரத்திலோ டியூஷன் எடுத்துக் காலம் தள்ளிய வாத்தியார்களை அறிந்தவர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை.

மிச்சமிருந்த நேரத்தில் அவர் ஈ பார்த்தார். கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு சிறகுள்ள பூச்சிகள் எல்லாவற்றையும், வீட்டு ஈயிலிருந்து கொசுவரை, பிடித்து, ஊசியில் குத்தி, கைலென்ஸுக்கு அடியில் வைத்து, சிறகு நரம்புகளை ஒவ்வொன்றாக வரைந்தார். அன்றுவரை லின்னேயஸ் வழியில் உருவத்தையும் நிறத்தையும் பார்த்துப் பிரித்தவர்களுக்கு நடுவே, சிறகு நரம்பின் ஓட்டத்தையும் உணர்கொம்பின் கணுக்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். உள்ளங்கை ரேகை பார்ப்பதுபோலத்தான். இன்றைக்கும் ஈ, கொசுக் குடும்பங்களைப் பிரிப்பவர்கள் முதலில் புரட்டுவது சிறகின் படத்தை. ‘ஐரோப்பாவின் அறியப்பட்ட இருசிறகுப் பூச்சிகளின் முறையான விவரணை’ என்ற அவருடைய நூல் 1818 தொடங்கி 1838 வரை ஏழு தொகுதிகளாக வந்தது. அதன் முதல் தொகுதியில்தான் மங்கிய சிறகுக்காரி அறிமுகம்.

ஆனால் பொடிக்கொசுவோடு அவருடைய வம்பு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு ஷ்டோல்பெர்க் உட்பட ரைன் ஆற்றின் இடக்கரை பிரெஞ்சு ஆட்சிக்குள் இருந்தது. பிரெஞ்சு வாத்தியாரான மைகனும் தம் முதல் முயற்சியைப் பாரிஸில் அச்சிட்டார். சின்னப் புத்தகம். அட்டையில் புரட்சிக் காலண்டர்படி ‘8ஆம் ஆண்டு’. நம் கணக்கில் 1800. அதில் பேரினங்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது, உதாரணத்துக்கு ஒரு இனம்கூட இல்லை. பொடிக்கொசுக் கூட்டத்துக்கு அவர் அங்கே வைத்த பெயர் ‘ஹெலியா’. மூன்று வருடம் கழித்து, 1803இல், ஒரு ஜெர்மன் பூச்சியியல் ஏட்டில் மறுபடி எழுதும்போது என்ன நினைத்தாரோ, பழைய பெயர்களைக் கைவிட்டுப் புதுப்பெயர்கள் சூட்டினார். பொடிக்கொசு ‘செரட்டோபோகன்’ ஆனது. கிரேக்கத்தில் கொம்பும் தாடியும். உணர்கொம்பில் தாடி. அந்தத் தாடிதான் ஜெர்மன் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

1800ஆம் ஆண்டுப் புத்தகத்தை உலகம் மறந்துபோனது. அப்படியே விட்டிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. 1908இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர் ஹெண்டல் அதைத் தூசி தட்டி, விளக்கக் குறிப்போடு மறுபடி அச்சிட்டார். வந்தது வினை. விலங்குப் பெயரிடலில் மூத்த பெயருக்கே முதலுரிமை என்பது சட்டம். ஆகவே 1803 பெயர்கள் செல்லாது, 1800 பெயர்களே செல்லும் என்று ஒரு கட்சி. நூறு வருடமாகப் புழங்கிய பெயரை எவனோ மறந்துபோன துண்டுப் புத்தகத்துக்காக மாற்றமாட்டோம் என்று இன்னொரு கட்சி. பொடிக்கொசுக் குடும்பத்துக்கு ‘ஹெலிடே’ என்றும் ‘செரட்டோபோகனிடே’ என்றும் இரண்டு பெயர், இரண்டு வரிசை நூல்கள், இரண்டு வகைப் பெட்டிச் சீட்டுகள். 1963இல்தான் சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையம் தலையிட்டு, 1800 புத்தகத்துப் பெயர்களைச் செல்லாதவை என்று தீர்ப்புச் சொன்னது. 55 வருட வழக்கில் வாதியும் மைகன், பிரதிவாதியும் மைகன். இன்றைக்கும் பழைய நூலகத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஏடுகளைத் தேடுகிறவர் ஹெலிடே என்ற தலைப்பையும் புரட்டியாகவேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு பெயரும் வந்திருந்தது. 1809இல் பிரெஞ்சுக்காரர் லத்ரேய், கடிக்கிற பொடிக்கொசுக்களைத் தனியே பிரித்துக் குலிகாய்டஸ் என்றார். கொசுவைப் போன்றது என்று பொருள். பிரித்தது நியாயமே. தாடிக்கொசுக் குடும்பத்தில் எல்லாமே ரத்தம் குடிப்பவை அல்ல. சில மற்றப் பூச்சிகளின் சாற்றை உறிஞ்சும். சில கொக்கோ மரத்தின் பொடிப் பூக்களுக்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்கும். அவை இல்லாவிட்டால் சாக்லேட் இல்லை. ஆகன் சாக்லேட் ஆலைக்கும் பேர்போன ஊர் என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. குலிகாய்டஸுக்குள்ளேயே ‘அனோபெலிஸ்’ என்று ஒன்று, ரத்தம் குடித்து உப்பிய கொசுவின் வயிற்றில் ஊசி செருகித் திருடிக் குடிக்கும். கொசுவைக் கடிக்கும் கொசு.

மைகனுக்குப் பிறகு இந்தப் பூச்சியை எடுத்துக்கொண்டவரும் பேராசிரியர் இல்லை. கிரேஃபெல்ட் நகரத்து வியாபாரி வின்னெர்ட்ஸ். பட்டும் வெல்வெட்டும் நெய்த ஊரில் இருந்துகொண்டு, 1852இல் செரட்டோபோகன் பேரினத்தைப் பற்றி மட்டும் படங்களோடு ஒரு தனி ஆய்வு வெளியிட்டார். பொடிக்கொசுவைப் பற்றி அந்த அளவுக்குப் பொறுமையாக அதற்கு முன் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. கைக்காசைப் போட்டு, கடை சாத்திய பிறகு செய்த வேலை. ஜெர்மன் பூச்சியியலின் பாதி இப்படி வாத்தியார்களும் வியாபாரிகளும் பாதிரியார்களும் கட்டியதுதான்.

பாதிரியார் என்றதும் கீஃபரிடம் வந்தாகவேண்டும். ஜான் ஜாக் கீஃபர், 1856இல் லொரேன் பகுதியில் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயதாகும்போது, 1871இல், அந்தப் பகுதி ஜெர்மன் பேரரசோடு சேர்ந்தது. 1918இல் மறுபடி பிரான்சுக்குப் போனது. இருந்த இடத்தை விட்டு நகராமலே இரண்டு நாட்டில் வாழ்ந்த மனிதர். பிட்ச் என்ற கோட்டை ஊரின் பள்ளியில் இயற்கை அறிவியல் வாத்தியார். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் அவருக்குப் பொடிப் பூச்சிகள் வந்தன. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துப் பூச்சிகளைப் பார்த்து 1910இல் அவர் பெயரிட்டவற்றில் ‘ஆக்ஸிஸ்டோமா’வும் ‘பெரெக்ரினஸ்’ஸும் உண்டு. இரண்டும் தமிழ்நாட்டு மாட்டுக்கொட்டகைகளில் இன்றும் பொறியில் விழுகிற இனங்கள். 1913இல் கிழக்காப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்றுக்கு இமிகோலா என்று பெயரிட்டார். நீலநாக்கின் முதல் குற்றவாளி என்று பின்னால் உலகம் சொன்ன அதே இமிகோலா. அப்போது அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 1925 கடைசியில் அவர் இறந்துவிட்டார்.

கீஃபர் வேகமானவர். வேகத்துக்கு விலை உண்டு. அவருடைய விவரணைகள் பல நான்கைந்து வரியில் முடியும். அவர் பார்த்த மூல மாதிரிகள் பலவும் இன்று இல்லை. பின்னால் வந்தவர்கள் வேறு பெயரில் மறுபடி விவரித்தார்கள். 1944இல் டு டோய்ட் பிடித்த பூச்சிக்கு அவர் எழுதிய பெயர் இமிகோலா அல்ல, ‘பாலிடிபென்னிஸ்’. 1920இல் ஆப்பிரிக்காவிலிருந்து வேறு மூவர் சூட்டியது. இரண்டும் ஒன்றே என்று பிற்பாடு தெரிந்து, மூத்த பெயர் நிலைத்தது. பழைய ஆய்வை இன்றைக்குப் படிப்பவர் தலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பு அகராதியோடு படிக்கவேண்டும்.

ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் என்பது தலைவலிதான். ஒரே பெயருக்குள் பல பூச்சிகள் என்பது அதைவிடப் பெரிய தலைவலி. மங்கிய சிறகுக்காரியின் விஷயத்தில் நடந்தது இது. 1830இல் மைகனே அவளை ஒத்த, இன்னும் சிறிய, இன்னும் வெளிறிய ஒன்றைப் பிரித்து ‘கையோப்டெரஸ்’ என்றார். 1936இல் பெல்ஜியத்து கூட்கெபூர் ‘டெவுல்ஃபி’யைப் பிரித்தார். 1952இல் பிரிட்டனில் டௌன்ஸும் கெட்டிலும் ‘ஸ்காட்டிகஸ்’ஸைப் பிரித்தார்கள். எப்படி? ஆண் பூச்சியின் பிறப்புறுப்பைப் பார்த்து. ஒப்சொலெட்டஸ் ஆணுக்கும் ஸ்காட்டிகஸ் ஆணுக்கும் அந்தத் தகடுகளின் வடிவம் வேறு. நுண்ணோக்கியில் பார்த்தால் சந்தேகமே வராது.

சிக்கல் என்னவென்றால், ஆண் கடிக்காது. நோயைக் கடத்துவதும் இல்லை. பொறியில் விழுவதும் பெரும்பாலும் பெண்ணே. பெண்களை அருகருகே வைத்தால் ஒப்சொலெட்டஸ் எது, ஸ்காட்டிகஸ் எது என்று முப்பது வருடம் பார்த்த கண்ணே தடுமாறும். ஆகவே ஆய்வேடுகளில் ‘ஒப்சொலெட்டஸ் கூட்டம்’ என்று மொத்தமாகக் கட்டிப் போட்டுவிடுவது வழக்கமாயிற்று. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. 2006 ஆகஸ்ட் வரை.

அந்த வருட ஜூலை, ஜெர்மனியில் அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை கண்டிராத வெப்பம். வைரஸ் பொடிக்கொசுவின் உடலுக்குள் பெருகச் சூடு வேண்டும், கிடைத்தது. அது எப்படி மாஸ்ட்ரிக்ட்–ஆகன் வட்டாரத்துக்கு வந்தது என்பது இன்றுவரை துலங்கவில்லை. பிரிட்டனின் பிர்பிரைட் ஆய்வுக்கூடம் வகை பார்த்தபோது 8ஆம் வகை என்று வந்தது. மத்தியதரைக் கடலோர ஐரோப்பாவில் அதற்கு முன் சுற்றிக்கொண்டிருந்த வகைகளில் 8 இல்லை. குளிர் வந்ததும் பூச்சி செத்து, நோயும் ஓயும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பொடிக்கொசு பனிக்காலத்தில் மாட்டுத் தொழுவத்தின் கதகதப்பில் ஒண்டிக்கொண்டது. 2007 கோடையில் நோய் திரும்பி வந்தபோது ஜெர்மனியில் மட்டும் பாதிப்புகள் 20,000ஐத் தாண்டின. 2008இல் தடுப்பூசி வந்த பிறகே அடங்கியது.

யார் சுமக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, நாடு முழுக்க ஏறத்தாழ 90 இடங்களில் பொறி வைத்தார்கள். பொறி எளிய சாதனம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் புற ஊதா விளக்கு, அதன்கீழ் சின்ன மின்விசிறி, விசிறி உறிஞ்சித் தள்ளும் இடத்தில் ஒரு குப்பி. ஒரு நல்ல கோடை இரவில் ஆயிரக்கணக்கில் விழும். காலையில் குப்பியைப் பார்த்தால் மிளகுத்தூள் கரைத்த ரசம்போல இருக்கும்: விட்டில், வண்டு, ஈ, அந்துப்பூச்சியின் செதில், நடுவே பொடிக்கொசு. அதைத் தட்டில் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக விலக்கி, சிறகுப் புள்ளியைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக ஒதுக்கவேண்டும். பளிச்சென்ற புள்ளியுள்ள ‘புலிகாரிஸ்’ கூட்டம் ஒரு பக்கம். 1758இல் லின்னேயஸே பெயரிட்டது அது, தெள்ளுப்பூச்சியைப் போன்றது என்று. மங்கிய சிறகுக் கூட்டம் இன்னொரு பக்கம். எண்ணிப் பார்த்தால் குவியலில் பெரிய பங்கு அநேகமாக எங்கும் மங்கிய சிறகுக்காரிகளுக்கே.

டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்து ஹைன்ஸ் மெல்ஹார்ன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், வடரைன்–வெஸ்ட்ஃபாலியாவில் பிடித்த ஒப்சொலெட்டஸ் கூட்டத்தில் வைரஸ் இருந்ததாக அறிவித்தது. நெதர்லாந்தில் டெவுல்ஃபியிலும், அடுத்து கையோப்டெரஸிலும் கண்டுபிடித்தார்கள். கூட்டம் முழுக்கவே குற்றவாளியா, அல்லது அதில் ஒன்றிரண்டு பேரா? இங்கேதான் பழைய சோம்பலுக்குக் கூலி கொடுக்க நேர்ந்தது. டெவுல்ஃபியும் கையோப்டெரஸும் மாட்டுச் சாணி வட்டில் முட்டையிடுபவை. மேய்ச்சல் நிலத்தில் சாணி விழுந்தால் போதும். ஒப்சொலெட்டஸும் ஸ்காட்டிகஸும் உதிர்ந்த இலைமக்கு, எருக்குழி ஓரம், ஊறுபுல் கழிவு என்று ஈரமாக அழுகும் எதிலும் வளரும். யாரென்று தெரியாமல் எந்த இடத்தைச் சுத்தம் செய்வது? எருக்குழியை மூடச் சொன்னால் சாணி வட்டில் வளர்பவளுக்கு என்ன நஷ்டம்?

பெண்ணைப் பிரித்தறிய ஒரே பழைய வழி, அறுத்துப் பார்ப்பது. ஒரு பொடிக்கொசுவைக் காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, தலை ஒரு துண்டு, சிறகு ஒரு துண்டு, வயிறு ஒரு துண்டு என்று கண்ணாடித் தகட்டில் பால்சம் பிசினுக்குள் பதிக்கிறார்கள். நுண்ணோக்கியில் வயிற்றுக்குள் இரண்டு பழுப்புக் குண்டுமணிகள் தெரியும். ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் பைகள். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. டெவுல்ஃபி என்றால் இரண்டில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அது போதும், தீர்ப்பு எழுதிவிடலாம். ஸ்காட்டிகஸுக்கு இரண்டுமே கொஞ்சம் பெரிது. அந்தக் ‘கொஞ்சம்’தான் ஆளைக் கொல்வது. பெரிய ஒப்சொலெட்டஸின் பையும் சிறிய ஸ்காட்டிகஸின் பையும் ஒரே அளவில் வந்து நிற்கும். அளவுகோலை வைத்துக்கொண்டு விழிக்கவேண்டியதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1985இல் டெலெகோல் எழுதிய ஆய்வேடு இந்தக் கலையின் கையேடாக இருந்தது. அந்த வழியில் வந்தவர்கள் பின்னால் கணினியில் கேள்வி கேட்டுக் கேட்டு விடைக்குக் கொண்டுபோகும் அடையாளத் திறவுகோல் ஒன்றையும் செய்தார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை வயிற்றை அறுப்பார்?

ஆகவே பூச்சியின் காலைக் கேட்டார்கள். ஒரு கால் போதும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டையோ, ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள துண்டையோ பெருக்கிப் பார்த்தால் ஒப்சொலெட்டஸும் ஸ்காட்டிகஸும் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. 2007இல் பிரிட்டிஷ் குழு இதற்கான பி.சி.ஆர். சோதனையை வெளியிட்டது. 2012இல் ஜெர்மனியின் மியுன்ஹெபெர்க் நில ஆய்வு மையத்தின் டோரீன் வெர்னர், ஃபிரெடிரிக் லோஃப்லர் நிறுவனத்தின் ஹெல்கே கம்பென் ஆகியோரின் குழு தங்கள் நாட்டுப் பூச்சிகளுக்கேற்ற சோதனையோடு வந்தது. பைகளை அளந்தவர்களும் இவர்களும் முரண்படவில்லை. அறுத்துப் பார்த்து ஒருவர் உறுதியாகச் சொன்ன பூச்சியை வைத்துத்தான் டி.என்.ஏ. துண்டுக்கே பெயர்ச்சீட்டு ஒட்டமுடியும். மைகனின் சிறகுப்படம் இல்லாமல் எந்த எழுத்துச் சரத்துக்கும் ஒப்சொலெட்டஸ் என்று பெயர் கிடையாது.

அந்த அறிவு வீண்போகவில்லை. 2011 கோடை முடியும்போது வடரைன்–வெஸ்ட்ஃபாலியாவில் பால் மாடுகளுக்குக் காய்ச்சல், கழிச்சல், பால் வற்றல். தெரிந்த எந்த நோயும் இல்லை. ரீம்ஸ் தீவிலுள்ள ஃபிரெடிரிக் லோஃப்லர் நிறுவனம், ஷ்மாலன்பெர்க் என்ற ஊருக்கருகே எடுத்த ரத்தத்தில் இருந்த மரபுப்பொருள் முழுவதையும் படித்துப் பார்த்து, நவம்பரில் இதுவரை காணாத வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தது. ஊர்ப்பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. டிசம்பரிலிருந்து வளைந்த கால், திருகிய கழுத்தோடு குட்டிகள் பிறக்கத் தொடங்கின. இந்த முறை யாரைத் தேடவேண்டும் என்று தெரியும். டென்மார்க்கில் 2011இல் பிடித்த ஒப்சொலெட்டஸ் கூட்டத்தில் வைரஸ் கிடைத்தது. ரீம்ஸ் தீவுக்கு இது பொருத்தமான கண்டுபிடிப்பு. 1898இல் கோமாரிக்குக் காரணம் வடிகட்டியில் நில்லாத கிருமி என்று ஃப்ரோஷோடு சேர்ந்து காட்டி, விலங்கு வைரஸியலைத் தொடங்கிவைத்த லோஃப்லர் 1910இல் நிறுவிய இடம் அது.

2012இல் ஜெர்மனி நீலநாக்கு இல்லாத நாடு என்று அறிவித்தது. 2018 டிசம்பரில் 8ஆம் வகை தென்மேற்கே மறுபடி வந்தது. அதையும் ஓட்டி, 2023இல் மீண்டும் அறிவிப்பு வெளிவந்த சில மாதங்களிலேயே, அக்டோபரில், 3ஆம் வகை நெதர்லாந்து எல்லையோரத்து கிளேவ வட்டாரத்தில் நுழைந்தது. 2024 கோடையில் அது ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்குப் பரவியது. இந்த முறையும் ஆகனிலிருந்து அதிக தூரமில்லை. இந்த முறையும் சுமந்தது அதே கூட்டம்.

அந்தக் கூட்டம் இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது. 2012இல் சுவிட்சர்லாந்தின் பொடிக்கொசுக்களை டி.என்.ஏ.வில் பார்த்தவர்கள், ஒப்சொலெட்டஸ் என்று தாங்கள் நினைத்திருந்ததற்குள்ளேயே இரண்டு கிளைகளைக் கண்டார்கள். தனி இனமா இல்லையா என்று முடிவாகும்வரை ஓ1, ஓ2 என்று குறித்துவைத்தார்கள். இப்படி ஒன்று இரண்டாகும்போது பழைய பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு விதி இருக்கிறது: பெயரிட்டவர் கையில் அன்று இருந்த பூச்சி எதுவோ, அந்த இனத்துக்கே பெயர் சொந்தம். மைகன் தம் சேகரிப்பைக் கடைசிக் காலத்தில் விற்றார். அந்தப் பெட்டிகளும், அவர் கையால் வண்ணம் தீட்டிய படங்களும், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.